சார்ஜ்: ஏற்றுவதும் ஏற்பதும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று முழுக்க ஒரே ஒரு சொல்லோடு மல்லுக்கு நின்றேன். சார்ஜ்.

கம்பெனி தமிழ்நாட்டில் விற்பனையைப் பெருக்கப் போகிறதாம். அதற்காக மின்சார ஸ்கூட்டரின் கையேட்டைத் தமிழில் தரவேண்டும். 'மின்னேற்றம்' என்று எழுதி வைத்திருந்தேன். எங்கள் பிரிவு மேலாளர் கோகுல்நாத் எட்டிப் பார்த்தார். கோயம்புத்தூர்க்காரர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை.

"மின்னேற்றம்னா எங்க ஊர்ல யாருக்குங்க புரியும்? சார்ஜ்னே போட்ருங்க."

போட்டேன். அடுத்த பக்கத்தில் சர்வீஸ் சார்ஜ் வந்தது. அதற்கடுத்த பக்கத்தில் டெலிவரி இன்-சார்ஜ். கடைசியில் 'சார்ஜ் எதுவும் இல்லாமல் சார்ஜ் செய்து தரப்படும்' என்று ஒரு வாக்கியம் வந்து விழுந்தது. தனியாகச் சிரித்தேன். பாளையங்கோட்டையில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்தவள், கல்யாணமாகி புனேவுக்கு வந்து ஸ்கூட்டருக்குத் தமிழ் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

புனே கேம்ப் கடைவீதியில் பழைய புத்தகக்காரரிடம் எப்போதோ வாங்கிய தடித்த ஆங்கில அகராதியை இறக்கினேன். சொல்லின் பிறப்பைப் பார்க்க.

சக்கர வண்டிக்கு லத்தீனில் காருஸ். அதுவும் லத்தீன்காரர்களின் சொந்தச் சொல் இல்லை, வடக்கே இருந்த 'கால்' என்ற பழைய இனத்தாரிடம் வாங்கியது. வண்டியில் பாரம் ஏற்றுவதுதான் முதல் பொருள். அது பிரெஞ்சு வழியாக வந்து சார்ஜ் ஆனது. கார், கார்கோ, கேரி எல்லாம் அதோடு பிறந்தவை. துப்பாக்கியில் மருந்து ஏற்றுவதற்கும் அந்தச் சொல்லே போனது. பிறகு மின்சாரத்துக்கு. ஒருவர் தலையில் வேலையை ஏற்றினால் இன்-சார்ஜ். பழியை ஏற்றினாலும் சார்ஜ்.

தமிழிலும் அப்படித்தானே? பாரம் ஏற்று, மின் ஏற்று, பழி ஏற்று. ஆனால் 'பொறுப்பு ஏற்றாள்' என்பது வேறு. அதன் வேர் ஏல். அங்கே யாரும் நம்மீது ஏற்றுவதில்லை. நாமாகக் கை நீட்டி வாங்கிக்கொள்கிறோம். தாளில் எழுதிப் பார்த்தால் இரண்டும் 'ஏற்று' என்று ஒரே மாதிரிதான் நிற்கின்றன. எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ரீனா தோளுக்கு மேலாகப் பார்த்தாள். பதினைந்து வயதாகிறது, தமிழ் இன்னும் தடுக்குகிறது. "மம்மி, ஒரு வார்த்தைக்கு நீ இவ்ளோ நேரம் பாக்குது?"

"பாக்குற," என்று திருத்தினேன்.

மார்ச் 18, செவ்வாய்

என்னை இன்-சார்ஜ் ஆக்கிவிட்டார்கள். தமிழ்ப் பிரிவு இன்-சார்ஜ். கையேடு மட்டுமில்லை, தமிழ் வாடிக்கையாளர்களின் தொலைபேசியும் இனி என் பொறுப்பு. எனக்குக் கீழே ஒரு குழு என்று தாளில் இருக்கிறது. குழுவில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

வாசல் காவலர் மராத்தியில் வாழ்த்தினார். நான் இனிமேல் 'பிரபாரி'யாம். மேசைக்கு வந்த பிறகுதான் உறைத்தது, அதற்குள்ளும் பாரம் இருக்கிறது. பார், பிரபார், பிரபாரி. பாரம் ஏற்றப்பட்டவள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் கிறிஸ்டோபர் கைகொடுத்தார். "அரே வா, இன்-சார்ஜ் மேடம்!" ரயில்வேயில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவர். இங்கேயே புனே கோர்படியில் பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழில் பாதி இந்தி. ஊழியர்களுக்கான சலுகையில் வாங்கிய எங்கள் ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். குவார்ட்டர்ஸ் வராந்தாவில், ரீனாவின் ஜன்னலுக்குக் கீழேதான் அது நிற்கும்.

மார்ச் 27, வியாழன்

நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் அழைத்தார். பெயர் சின்னதுரை. விடியும் முன்னே தோட்டங்களில் மல்லிகை எடுத்து நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு போகிறவர்.

"யம்மா, வண்டிய ஓட்டிட்டு வந்து சார்ஜ் போட்டா சீட்டுக்கு அடியில தோசைக்கல்லு மாதிரி கொதிக்கிதும்மா."

"ஓட்டிட்டு வந்ததும் உடனே போடாதீங்கண்ணே. ஒரு மணி நேரம் ஆறட்டும்."

"பூவு ஆறுமாம்மா? ரெண்டாவது நடை போகணும்ல. வந்த சூட்டோட போட்டாத்தான் தாங்கும்."

எங்கே வைத்துப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். முன்னறையிலாம். வெளியே வைத்தால் நாய் வயரைக் கடித்துவிடுகிறதாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். பின்னால் ஒரு பெண்குரல், "நாயின்னு சொல்லாதீக, அது உங்க செல்லப்புள்ள" என்றது. அவர் மனைவி போலிருக்கிறது.

தொழில்நுட்பப் பிரிவுக்குச் சொல்லிவிட்டேன். வெயில் காலத்தில் இந்தச் சூடு சகஜம் என்றார்கள்.

ஏப்ரல் 3, வியாழன்

சின்னதுரை மறுபடி அழைத்தார். இப்போது சூட்டோடு ஒரு வாடையும் வருகிறதாம். "நகப்பாலிசு மாதிரி ஒரு வாடை, யம்மா." மறுபடியும் தொழில்நுட்பப் பிரிவு. மறுபடியும் அதே பதில்.

மதியம் கோகுல்நாத் கையேட்டில் ஒரு வரியைச் சுட்டிக்காட்டினார். 'வண்டியை ஓட்டி முடித்த உடனே சார்ஜ் செய்யக் கூடாது.'

"இந்த வரி வேண்டாங்க. படிச்சா ஜனங்க பயந்துக்குவாங்க. இங்கிலீஷ்லயும் எடுத்துட்டோம்."

"சூடாகுதுன்னு ஒருத்தர் ரெண்டு தடவை சொல்லிட்டார் சார்."

"டெக்னிக்கல் டீம் பாத்துக்குவாங்க, ஷீலா. நாம எழுதறவங்க. எழுத்தை மட்டும் பார்ப்போம்."

அழித்தேன். வெறும் ஒரு வரி. அது இருந்த இடத்தில் மற்ற வரிகள் மேலேறி வந்து மூடிக்கொண்டன.

ஏப்ரல் 8, செவ்வாய்

கம்பெனி வேன் வீட்டுக்கே வந்து எங்கள் ஸ்கூட்டரின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வேறு ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனது. நாங்கள் கேட்கவே இல்லை. ஊழியர்களுக்குப் பண்டிகைச் சலுகையாம். மராத்திப் புத்தாண்டு குடி பாட்வா முடிந்து இத்தனை நாள் கழித்து என்ன பண்டிகை?

கழற்றியதை வேனுக்குள் மணல் கொட்டிய இரும்புப் பெட்டியில் வைத்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ஃப்ரீயா நயா பேட்டரி கெடைக்குது, நீ ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கே?" என்றார் கிறிஸ்டோபர். "டென்ஷன் எடுக்காதே ஷீலு."

மணல் எதற்கு?

ஏப்ரல் 10, வியாழன்

கௌஷிக்கிடம் கேட்டேன். பேட்டரி சோதனைக்கூடத்தில் இருக்கும் சென்னைப் பையன், மதியச் சாப்பாட்டுக்கு எப்போதாவது என் மேசைக்கு வருவான். வேலை முடிந்ததும் பிம்ப்ரி ஆலைக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்குக் கூட்டிப்போனேன்.

"உங்க வண்டில மாத்திட்டாங்களா மேடம்?"

"மாத்திட்டாங்க. ஏன் மாத்தினாங்க?"

"மாத்திட்டாங்கல்ல, அத்தோட விட்ருங்க."

நான் விடவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான். ஒரு தொகுதி செல்களில் கோளாறு இருக்கிறது. ஓடிச் சூடான நிலையில் சார்ஜ் ஏறினால் சூடு ஒரு கட்டத்துக்கு மேல் தானாகவே ஏறிக்கொண்டே போகும், பிளக்கைப் பிடுங்கினாலும் நிற்காது. சோதனைக்கூடத்தில் ஒன்று எரிந்திருக்கிறது.

"தமிழ்நாட்டுக்குப் போனது?"

"அதே செட்டுதான்."

"அங்க எப்ப மாத்துவாங்க?"

டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். "இங்க ஆபீஸர் வீட்ல எரிஞ்சா நியூஸ் மேடம். அதான் முதல்ல இங்க. அங்க சர்வீஸ் சென்டரே இன்னும் ஒழுங்கா தொறக்கல. என் பேரை எங்கயும் சொல்லிடாதீங்க."

நகச்சாயம் மாதிரி வாடை என்றால் என்ன என்று கேட்டேன். அவன் எழுந்து நின்றுவிட்டான். "அந்த வண்டிய உடனே வெளிய வெக்கச் சொல்லுங்க. உடனே."

ஏப்ரல் 11, வெள்ளி

சின்னதுரையின் எண் அலுவலகப் பதிவில்தான் இருந்தது. காலையில் வேலைக்குப் போன கையோடு அழைத்தேன். அலுவலக எண்ணில்தான். ஒளித்துச் செய்ய எனக்குத் தோன்றவில்லை.

"அண்ணே, இனிமே அதுக்குச் சார்ஜே போடாதீங்க. வீட்ட விட்டு வெளிய தள்ளி நிறுத்திருங்க. பேட்டரி சரியில்ல."

"அப்ப பூவ தலையிலயா சொமக்குறது?"

"கொஞ்ச நாளைக்கு வேற வண்டி பாருங்கண்ணே. உங்க கால்ல விழுறேன்."

 "அம்புட்டு மோசமா?" என்றார்.

"ஆமாண்ணே."

"சரிம்மா. நீங்க இம்புட்டுத் தூரம் சொல்றீக. வேப்பமரத்துக்குக் கீழ கொண்டு போய் நிப்பாட்டுறேன்."

ஃபோனை வைத்தேன். இத்தனை நாளில் இன்றுதான் இந்த வேலையில் உருப்படியாக ஒன்று செய்தேன் என்று தோன்றியது.

ஏப்ரல் 16, புதன்

சார்ஜ் மெமோ.

கம்பெனியின் ஒப்புதல் இல்லாமல் வாடிக்கையாளருக்குப் பொருளைப் பற்றி அச்சமூட்டும் தகவல் தந்தேன் என்று. என் அழைப்பைக் கேட்டிருக்கிறார்கள். எல்லா அழைப்புகளும் பதிவாகின்றன என்பது எனக்கும் தெரியும்தான்.

கோகுல்நாத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். "பயந்துக்காதீங்க. சும்மா பேப்பர்தானுங்க இது. ஒரு வாரத்துல பதில் எழுதிக் குடுத்துருங்க."

"அவர் வண்டியை மாத்திக் குடுப்பாங்களா சார்?"

"அந்தக் கஸ்டமரை நான் பாத்துக்கறேன்."

அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஏப்ரல் 18, புனித வெள்ளி

கேம்ப் கோயிலில் பாடுகளின் வாசகத்தை ஆங்கிலத்தில் வாசித்தார்கள். சிலுவையில் இயேசுவின் தலைக்கு மேலே அறைந்த பலகையில் எழுதியிருந்ததற்கும் அந்தச் சொல்தான். சார்ஜ். ரீனா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

சின்னதுரையின் எண் நேற்றும் இன்றும் அணைந்தே கிடக்கிறது. பூ சீசன். வேலை மும்முரமாக இருக்கும். வேறொன்றுமில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

அணைந்தே கிடக்கிறது.

ஏப்ரல் 28, திங்கள்

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. மெட்ரோவில், சிவில் கோர்ட் நிலையத்தில் வண்டி மாறிக்கொண்டிருந்தேன்.

"புனா ஆபீஸ் அம்மாவா? நான் ஆரோக்கியமேரி. சின்னதுரை வீட்ல."

நாய்க்கு வக்காலத்து வாங்கிய அதே குரல்தான். ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லாத குரல்.

அவர் போய்விட்டார். போன செவ்வாய்க்கிழமை. மார்க்கெட்டிலிருந்து வந்து வண்டிக்குச் சார்ஜ் போட்டுவிட்டு முன்னறையிலேயே படுத்திருக்கிறார். பகல். இவள் ரேஷன் கடையில் நின்றிருக்கிறாள். திரும்பி வரும்போது தெருவே கூடி நிற்கிறது. எரிகிற வண்டிக்குப் பின்னால்தான் கதவு. அவரால் தாண்டி வர முடியவில்லை.

"வெளியதான நிப்பாட்டியிருந்தாரு? நான் சொன்னேனே" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஆமாம்மா, நீங்க சொன்னதுல இருந்து மரத்தடியிலதான் நின்னுச்சு. தம்பி வண்டியிலதான் பூ ஏத்திட்டுப் போனாக. பெறகு உங்க ஆபீசுல இருந்து ஒரு சார் பேசுனாரு. கோயமுத்தூர்ப் பேச்சு. 'எல்லாஞ் செரி பண்ணியாச்சுங்க, கம்ப்யூட்டர்லயே சரி பண்ணிட்டோம், தாராளமா சார்ஜ் போடுங்க'ன்னாரு. அதக் கேட்டுத்தான் உள்ள கொண்டாந்தாக. உங்களுக்கு நன்றி சொல்லணும்னு சொல்லிக்கிட்டு இருந்தாக."

எத்தனை வண்டி போயிற்று தெரியாது. நடைமேடையில் உட்கார்ந்திருந்தேன்.

நான் பாத்துக்கறேன்னாரே. நான் பாத்துக்கறேன்னாரே அந்த ஆளு. நானும் நம்பி, அப்பாடான்னு வீட்டுக்கு வந்து தூங்கினேனே. ஒரு ஃபோனு, மறுபடி ஒரு ஃபோனு நான் போட்டிருந்தா. என்ன செய்ய நான் இப்ப. யார்ட்ட போய் என்ன சொல்ல.

மே 2, வெள்ளி

மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

பெரிய அறையில் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். கோகுல்நாத், கம்பெனி வக்கீல், இன்னும் இரண்டு பேர். பிஸ்கட் வைத்திருந்தார்கள். வக்கீல் மடிக்கணினியைத் திறந்து என் குரலை ஓடவிட்டார். 'அண்ணே, இனிமே அதுக்குச் சார்ஜே போடாதீங்க.' தொடர்ந்து அவர் குரல். அம்புட்டு மோசமா? செத்துப்போனவர் கேட்கிறார், அந்த அறையில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள்.

"ரொம்ப நல்லா எச்சரிக்கை பண்ணீருக்கீங்க, ஷீலா," என்றார் கோகுல்நாத். "கம்பெனி சார்புல ஒரு பொறுப்பான அதிகாரி, கஸ்டமர் மொழியிலேயே, தெளிவா சொல்லியிருக்கார். அதைக் கேட்காம அவர் சார்ஜ் போட்டுட்டார். பாவம். போலீஸ் வருவாங்க. நடந்ததை அப்படியே சொன்னாப் போதுங்க."

எனக்குப் புரிய நேரமாயிற்று. நான் அவரைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தையை எடுத்து அவர் தலையிலேயே வைக்கிறார்கள். சொல்லியும் கேட்காதவன். தானே போட்டுக்கொண்டவன்.

"அதுக்கு அப்புறம் நீங்க பேசினீங்களே சார்."

 கோகுல்நாத் பிஸ்கட் தட்டை என் பக்கமாக நகர்த்தினார்.

"எந்த கால்ங்க? தமிழ் டீம் நம்பர்ல இருந்து எத்தனையோ கால் போகுது. எல்லாப் பதிவும் இருக்கணும்னு இல்லீங்களே. அப்படி ஒரு கால் போயிருந்தாலும்," என்று நிறுத்தினார். அதே குரல், ஒரு இழை கூட உயரவில்லை. "டீமுக்கு நீங்கதானுங்களே இன்-சார்ஜ்."

மே 3, சனி

தூக்கமில்லை. அந்தப் பதவியைத் தந்த மார்ச் மாதமே அவர்களுக்குச் செல்களைப் பற்றித் தெரியுமா? குழு என்று தாளில் எழுதி ஒருத்தியை மட்டும் உட்காரவைத்தது எதற்கு? நான் கற்பனை செய்கிறேனா? தெரியவில்லை. தெரியாமலிருப்பதுதான் பயமாக இருக்கிறது.

மே 7, புதன்

கிறிஸ்டோபரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் பயந்துபோனார். பிறகு கோபம்.

"உன்னப் பொய் சொல்லச் சொன்னாங்களா? இல்லையே. நீ வார்னிங் குடுத்தது நிஜம்தானே. அத மட்டும் சொல்லு. பஸ். முடிஞ்சுது."

"பாதி நிஜம்."

"பாதி போதும் நமக்கு. ரீனாவ நெனச்சுப் பாரு."

 அவர் வெளியே போய் வராந்தாவில் நின்றார். சமையலை முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் ஸ்கூட்டரின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"பழைய பேட்டரி இங்கதானே இருந்துது," என்றார், ரீனாவின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "டெய்லி நான்தான் பிளக் போட்டேன். வந்த உடனே. சூடா இருக்கும்போதே." எழுந்தார். "எனக்கு எவனும் ஃபோன் பண்ணிச் சொல்லல, ஷீலு. நீ அந்த ஆளுக்குச் சொன்னே. போய் முழுசா சொல்லு."

மே 14, புதன்

நிலக்கோட்டையிலிருந்து இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்திருந்தார். கம்பெனியிலேயே ஒரு அறை ஒதுக்கியிருந்தார்கள். வக்கீலும் வந்து உட்காரப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கோகுல்நாத் யாருடனோ பேசியபடி நடந்துகொண்டிருந்தார்.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி நான் பேசியதைச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். "அவ்வளவுதானா?"

"இல்ல சார். அதுக்குப் பிறகு இன்னொரு அழைப்பு போயிருக்கு."

நிமிர்ந்தார். சூடு, வாடை, தொழில்நுட்பப் பிரிவின் பதில், நீக்கச் சொன்ன வரி, எங்கள் வீட்டு பேட்டரியை மாற்றியது, மணல் பெட்டி, ஆரோக்கியமேரி கேட்ட கோயம்புத்தூர்க் குரல், பெரிய அறையில் எனக்குச் சொன்னது, எல்லாம் சொன்னேன். கௌஷிக் பெயரைச் சொல்லவில்லை. சோதனைக்கூடத்தை விசாரியுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

"அந்த ரெண்டாவது கால் எந்த நம்பர்லருந்து போச்சு?"

"தமிழ்க் குழு நம்பர்."

"குழுவுக்கு யாரும்மா பொறுப்பு?"

"நான்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நல்ல மனிதர் என்றே நினைக்கிறேன். "யோசிச்சுச் சொல்லுங்க. இத எழுதிட்டா அப்பறம் என் கையில இல்ல."

"யோசிச்சுட்டுதான் சார் வந்தேன்."

யாரும் என் தலையில் வைக்கவில்லை. நானே கை நீட்டினேன். ஏல், ஏற்று. வெளியே வரும்போது கால் தரையில் படவில்லை. தைரியத்தால் அல்ல, பயத்தால்.

ஜூன் 11, புதன்

வேலை போயிற்று. காவலர் வாசலில் என் அடையாள அட்டையை வாங்கும்போது கண்ணைப் பார்க்கவில்லை.

ஜூலை 9, புதன்

கௌஷிக் என் அழைப்பை எடுப்பதில்லை. பெங்களூருக்குப் போய்விட்டான் என்கிறார்கள்.

சாயங்காலம் கோகுல்நாத் அழைத்தார். எடுத்திருக்கக் கூடாது. நலம் விசாரித்தார். மழை எப்படி என்று கேட்டார்.

"பாப்பா எப்படிங்க இருக்கு? அதே ஸ்கூல்தானுங்களா? அந்தப் பாலத்துக்குக் கீழதான பஸ் ஏறும்?"

"எதுக்கு சார் கேக்கறீங்க?"

"சும்மாதானுங்க. குழந்தைங்க நல்லா இருக்கணும்ல."

இதை வைத்துக்கொண்டு யாரிடம் போய்ப் புகார் கொடுக்க? அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடக் குற்றம் என்று காட்ட முடியாது. நாளையிலிருந்து கிறிஸ்டோபர் ரீனாவைக் கொண்டுபோய் விடுகிறார். ஏன் என்று அவள் கேட்டாள். மழை என்றோம்.

ஜூலை 30, புதன்

வாசலில் ஒரு கார் இரண்டு நாளாக நிற்கிறது. பக்கத்து குவார்ட்டர்ஸுக்கு வந்த உறவினருடையதாம். விசாரித்துவிட்டேன். இப்படி எல்லாவற்றையும் விசாரிக்கிறவளாக ஆகிவிட்டேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகிவிட்டது. எங்கள் வக்கீல் ஃபோனில் சொன்னார். முதல் பெயர் கம்பெனி இயக்குநர். இரண்டாவது கோகுல்நாத். அந்த இரண்டாவது அழைப்பில் பேசியது அவர்தான் என்பதற்கு எப்படியோ ஆதாரம் கிடைத்துவிட்டதாம், தொலைபேசிக்காரர்களிடமிருந்தோ வேறெங்கிருந்தோ. சோதனைக்கூடத்திலிருந்து ஒருவர் தாமாக வந்து சாட்சி சொன்னாராம். பெயர் கேட்டேன். கௌஷிக்.

மூன்றாவது பெயர் என்னுடையது.

"உங்க வாக்குமூலமே உங்களை உள்ள கொண்டாந்துருச்சும்மா," என்றார் வக்கீல். "வாதாடுவோம். ஆனா இழுக்கும்."

மேல்வீட்டு மராத்தி அம்மாவிடம் எப்படியோ செய்தி போயிருக்கிறது. "ஆரோபி ஆஹே கா?" என்று யாரிடமோ மெல்லக் கேட்டது படியில் என் காதில் விழுந்தது. குற்றம் சாட்டப்பட்டவளா என்கிறாள். ஆரோப், ஆரோபி. அந்தச் சொல்லுக்குள்ளும் மேலே ஏற்றி வைப்பதுதான் இருக்கிறது, சமஸ்கிருதத்தில். எங்கே போனாலும், எந்த மொழியில் பார்த்தாலும், மனிதர்களுக்கு இதற்கு வேறு படமே தோன்றவில்லையா? ஒரு முதுகு. அதன்மேல் ஒரு மூட்டை.

அகராதியை மூடி மேல்தட்டில் வைத்தேன். போதும்.

செப்டம்பர் 24, புதன்

ரீனா கேட்டாள். "மம்மி, நீ தப்பு செஞ்சியா?"

"இல்ல."

"பின்ன ஏன் உன் பேரு?"

"நான்தான் இன்-சார்ஜ்."

 அவள் என் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையில் படுத்தது போல.

நவம்பர் 11, செவ்வாய்

நாளை நாகர்கோவில் வண்டியில் கிளம்புகிறோம். வெள்ளிக்கிழமை நிலக்கோட்டை கோர்ட்டில் முதல் தடவை நிற்கவேண்டும். கிறிஸ்டோபர் லீவு போட்டிருக்கிறார். ரீனாவைக் கேம்பில் அவர் அக்கா எஸ்தர் வீட்டில் விடுகிறோம்.

துணியெல்லாம் எடுத்து வைத்தாயிற்று. கோர்ட்டுக்கு எந்தப் புடவை என்று தெரியவில்லை. பளிச்சென்று இருக்கக்கூடாது. அழுக்காகவும் இருக்கக்கூடாது. குற்றம் சாட்டப்பட்டவள் என்ன உடுத்துவாள்?

கோகுல்நாத்தும் அங்கே வருவார். பக்கத்தில் நிற்கவேண்டியிருக்குமா? நலம் விசாரிப்பாரா?

நவம்பர் 12, புதன்

ஸ்டேஷனுக்குக் கிளம்புகிற நேரத்தில் ஃபோன். ஆரோக்கியமேரி. அவளோடு பேசவே கூடாது என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். எடுத்தேன்.

"எந்த வண்டியில வாரீகக்கா?"

சொன்னேன்.

"கோர்ட்டுல பத்தரைக்கு மேலதான் கூப்புடுவாகளாம். திண்டுக்கல்ல எறங்குனதும் நேரா நம்ம வீட்டுக்கு வந்துருங்க. முன்னறைக்கு இப்பதான் சுண்ணாம்பு அடிச்சிருக்கு. குளிச்சு, சாப்ட்டுட்டு, சேந்தே போயிரலாம்."

"மேரி, நான் மூணாவது குற்றவாளி. உங்க வீட்டுக்காரர் கேஸ்ல."

"தெரியும்க்கா. சம்மன்ல உங்க பேர வாசிச்சுக் காட்டுனாக."

 கிறிஸ்டோபர் பையை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுக்காரருக்கு ஒறப்பு ஆகுமா, ஆகாதா?" என்று கேட்டாள். "கொழம்புக்குக் கேக்குறேன்."

ஆகும் என்றேன்.